புறாப் பூவுக்கு ஒன்பது நாள்

பூக்காத மரத்தின் கீழே ஆட்களைக் கூட்டி வந்து நிறுத்தி, "மேலே பாருங்கள்" என்று சொன்னவளின் நிலைமை எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். காது இரண்டும் சுடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் மரியாதைக்காக இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தாங்க முடியாது.

அன்று புதன்கிழமை, காலை எட்டரை மணி. பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. தோட்டம் போய் வீடுகள் வந்தபோது தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். அதை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக நகராண்மைக் கழகத்திலிருந்து அதிகாரியம்மா புவான் ரொஹாயா வந்திருந்தார். வெட்டியே ஆக வேண்டும் என்று மனுக் கொடுத்தவர் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் குணா. அவர் அதிகாரிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். வெட்டக் கூடாது என்று அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்த நான் எதிர்ப்பக்கம் நின்றேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர்.

"புதன்கிழமை காலையில் மரம் முழுக்கப் பூத்திருக்கும், வந்து பாருங்கள்" என்று நாள் குறித்துக் கொடுத்ததே நான்தான்.

மரத்தில் ஒரு பூ இல்லை. கிளைகளின் மேல் காய்ந்த குச்சிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தெரியாதவர்கள் பார்த்தால் காக்காய் பாதிக் கூடு கட்டிவிட்டுப் போய்விட்டது என்பார்கள்.

"அக்கா, பூ எங்க?" என்றார் குணா.

"வரும்."

"எப்ப வரும்? நாளைக்குக் காலையில மரமே இருக்காது லா."

புவான் ரொஹாயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரோடு நான் பேசியதெல்லாம் மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன், அக்கா என்பதற்கு அவர் சொன்ன 'காக்'கை மட்டும் அப்படியே விட்டு. "காக் சரசு, நான் கண்ணால் பார்க்காததை அறிக்கையில் எழுத முடியாது" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

ஒரு மரத்துக்காக இவள் ஏன் இப்படி அலைகிறாள் என்று அன்று அங்கே நின்ற எல்லாரும் நினைத்திருப்பார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் பஸ்ஸில் ஏற வேண்டும்.

தலையில் பூ வைக்க முடியாத வேலை

போன வாரம் இந்தப் பத்தியில், கூலிம் ஹைடெக் பூங்காவில் நான் வேலை செய்த சிப் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருந்தேன். பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, பொட்டு கூடாது என்றால் எப்படித்தான் இருபது வருடத்துக்கு மேல் காலம் தள்ளினீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தள்ளினோம் அம்மா. ஒரு துளித் தூசி விழுந்தால் ஒரு தட்டு சிப் பாழ். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துக் குறை எண்ணுவது என் வேலை. எண்ணுவதில் நான் தவறியதில்லை என்று ஒரு சான்றிதழ்கூட வீட்டில் மாட்டியிருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் தொழிற்சாலை பஸ் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் வந்து நிற்கும். ஓட்டுநர் மணியம் அண்ணன். காலை ஐந்தரைக்கு ஒரு நிமிடம் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடுவார், மாமியார் மகள் என்றுகூடப் பார்க்க மாட்டார்.

ஒரு விடியற்காலை, இன்னும் வெளிச்சம் வராத நேரம், மரத்தை நெருங்கும்போதே ஒரு வாசனை வந்தது. இளஞ்சூடான தேங்காய்ப்பாலில் சீனி கரைத்தது போன்ற வாசனை. யார் வீட்டில் இந்நேரத்துக்கு ஆப்பம் சுடுகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். பஸ் திரும்பி அதன் விளக்கு மரத்தின் மேல் ஏறியபோதுதான் தெரிந்தது. கிளை தெரியாமல் வெள்ளைப் பூ. நேற்று மாலை இறங்கும்போது அங்கே ஒன்றும் இருந்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை.

அடிமரத்தில் எட்டும் உயரத்திலும் சில கொத்துகள் இருந்தன. ஆளுக்கு இரண்டு பறித்துத் தலையில் செருகிக்கொண்டோம். தொழிற்சாலை வாசலில் எடுத்துத்தானே ஆக வேண்டும்? இறங்கும்போது எல்லாரும் பஸ்ஸின் முன்கண்ணாடி அருகே இருந்த பிள்ளையார் படத்துக்குப் போட்டுவிட்டுப் போனோம். மாலையில் திரும்பி ஏறியபோது அத்தனையும் சுருண்டு ஈரத்தாள் மாதிரி கிடந்தன. ஒரு ஷிப்டுக்கு மேல் தாங்காத பூ.

மலாய்க்காரர்கள் அதை அங்கெரிக் மெர்பாத்தி என்பார்கள். அங்கெரிக் என்றால் ஆர்க்கிட், மெர்பாத்தி என்றால் புறா. பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த புறாபோல இருக்கும், நடுவில் மட்டும் ஒரு பொட்டு மஞ்சள். ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் ஒரு மாதம் வாடாமல் நிற்குமே, அதை நினைக்காதீர்கள். இதை யாரும் விற்பதில்லை. காட்டிலும் ரோட்டோரத்திலும் கிழட்டு மரங்களின் மேல் தானாக வரும். எங்கள் பஸ்ஸில் இதற்குப் புறாப் பூ என்று பெயர்.

மணியம் அண்ணனிடம் ஒரு பயண நோட்டு உண்டு. மழையினால் தாமதமானால் தொழிற்சாலைக்குக் காரணம் காட்ட வேண்டும் என்பதற்காக மழை நாள்களை அதில் குறித்து வைப்பார். பிள்ளையார் படத்தில் பூ குவிந்து, தான் துடைக்க வேண்டி வந்த நாள்களையும் எரிச்சலில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சரசு, இந்தப் பூவு சும்மா பூக்கல. பெரிய மழை பெஞ்சு ஒம்பது நாள்ல பூக்குது. புக்குல பாத்துட்டேன், தப்பவே இல்ல."

"எல்லா மழைக்குமாண்ணே?"

"தூறலுக்கெல்லாம் இல்ல. காஞ்சு கெடக்கிறப்ப திடீர்னு கொட்டி ஒடம்பு சில்லுனு ஆவுதுல்ல, அந்த மழைக்கு. பீடோங்ல பெஞ்சு கூலிம்ல பெய்யலன்னா பீடோங்ல மட்டும்தான் பூக்கும். ரெண்டு பக்கமும் பெஞ்சிச்சின்னா ரோடு பூரா ஒரே நாளு."

நான் நம்பவில்லை. அப்புறம் ஒரு பூ நாளன்று தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போனேன். ஆற்றின் வாயில், உப்புக் காற்றில், ஒரு வாதுமை மரத்தின் மேல் இதே பூ, இதே நாள். கீழே மீன்வலை காய்ந்தது, மேலே தேனீக்கள் மொய்த்தன. அன்று எனக்குப் புரிந்தது. ஒரே நாளில் எல்லாம் பூத்தால்தான் ஒரு மரத்துப் பூவின் மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவுக்குப் போகும். இருப்பது ஒரு பகல். ஆளுக்கொரு நாள் பூத்தால் தேனீ எங்கே என்று போகும்? மொட்டுகள் பாதி வளர்ந்து காத்துக்கொண்டிருக்கின்றன. மழையின் குளிர்ச்சி தொட்டதும் எல்லாம் ஒன்றாகப் புறப்படுகின்றன.

புல்லுருவி என்று பெயர் வைத்து

என் கைக்கும் இந்தப் பூவுக்கும் ஒரு பழைய பாவம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அப்பா மண்டோர், வேலையாட்களுக்கு மேற்பார்வையாளர். பெரிய துரை வருகிறார் என்றால் ரோட்டோர மரங்களுக்கு நெஞ்சளவு சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்கு முன் மரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலை எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு. ஆளுக்கொரு பாராங் கத்தி கொடுத்து, மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் சுரண்டச் சொல்வார்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது எல்லாமே புல்லுருவிதான். பால்மரத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும். மரத்தின் பாலை வேறு எதுவோ குடிக்கிறது என்றால் நம் சோற்றில் கை வைத்த மாதிரி. நிஜப் புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இது அப்படியல்ல, பட்டையின் மேல் வெள்ளை வேரை ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டு, மழையையும் பனியையும் காற்றில் வரும் தூசியையும் வைத்துப் பிழைக்கிறது. உட்கார இடம் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? எத்தனை கொத்து சுரண்டிப் போட்டு எரித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா மெச்சினார். அந்த மெச்சலுக்காக இன்னும் வேகமாகச் சுரண்டினேன்.

ரப்பர் தோட்டங்கள் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்களாகின, பிறகு வீடுகளாகின. சொரசொரப்பான பட்டையும் பாசியும் பெரணியும் உள்ள வயதான மரத்தில்தான் இதன் தூள்போன்ற விதை ஒட்டி முளைக்கும். நட்டு ஐந்து வருடமான அலங்கார மரத்தில் வராது. எங்கள் தாமானில் மிச்சம் இருந்தது இந்தத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று. இதையும் விட்டுவிட்டால் நான் சுரண்டியதை யாராலும் ஈடுகட்ட முடியாது. விட மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

குணாவின் கார்

குணாவைக் கெட்டவராக்கி எழுதினால் இந்த வாரம் உங்களுக்கு ருசியாக இருக்கும். ஆனால் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஒரு காற்றடித்த மாலை, மரத்தின் ஒரு கிளை முறிந்து அவருடைய கார்மேல் விழுந்தது. கண்ணாடி தூள். உள்ளே யாரும் இல்லை. ஆனால் அதே இடத்தில்தான் பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நிற்பார்கள். அடுத்த வாரமே சங்கம் கூடியது.

"அந்தப் புல்லுருவி உறிஞ்சி உறிஞ்சியே மரத்தைக் கொன்னுருச்சு" என்றார் குணா. "இன்னைக்கி என் காடி. நாளைக்கிப் பிள்ளைங்க மேல விழுந்தா சரசு அக்கா பதில் சொல்வாங்களா?"

நான் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை, முறிந்த கிளை வாய்க்கால் ஓரம் கிடந்ததைப் போய்ப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே கறையான் அரித்துக் கூடாகியிருந்தது. மேலே ஓடிய ஆர்க்கிட் வேர் ஒன்றுகூடக் கட்டைக்குள் இறங்கவில்லை, நகத்தால் நெம்பினால் பட்டையோடு வந்தது. ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போய்க் குணா வீட்டு வாசலில் வைத்தேன்.

"காஞ்ச கிளையெல்லாம் வெட்டுங்க. மரத்த விடுங்க. பூவு ஒண்ணும் பண்ணல."

"அக்கா, மனு போயிடுச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"நான் போடலியே."

அதற்கு அவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர, மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

நான் குறித்த நாள்

பிறகு அலுவலகப் படிகள். முதல் தடவை வேறு கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் தடவை கடிதம் கேட்டார்கள். மூன்றாம் தடவை போவதற்குள் மழை வந்துவிட்டது.

வாரக்கணக்கில் வெயில். ஜெராய் மலை சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்த மலை திடீரென்று காணாமல் போனது. பிறகு கொட்டியது பாருங்கள், துணியை எடுக்க ஓடிய எனக்குப் பல் தந்தியடித்தது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும்கூட அதே மழை என்று பிறகு கேள்விப்பட்டேன். நனைந்த கையோடு காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் 1 என்று எழுதினேன். புதன் 2. வியாழன் 3. எழுதிக்கொண்டே போனதில் அடுத்த புதன்கிழமை 9 விழுந்தது.

கெடாவில் வெள்ளியும் சனியும் அலுவலகம் கிடையாது. ஞாயிறு காலை முதல் ஆளாகப் போய் நின்றேன். அன்றுதான் புவான் ரொஹாயாவை நேரில் பார்த்தேன். கோப்பைத் திறந்து காட்டினார். வெட்டும் உத்தரவு கையெழுத்தாகியிருந்தது. மரம் வெட்டும் குத்தகையாளர் வருவது வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

"என் கோப்பில் இருப்பது கிளை முறிந்த ஒரு கிழட்டு மரம்" என்றார். "அதை வைத்துக்கொள்ள ஒரு காரணம் காட்டுங்கள் காக். வியாழனுக்கு முன்னால் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூ வெட்டுக்கு முதல் நாள் பூக்கப் போகிறது. இதைவிட என்ன வேண்டும்? புதன் காலை எட்டரை என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் படித்தீர்கள்.

ஏறின இடம்

எல்லாரும் கலைந்து போன பிறகும் நான் மரத்தடியில் நின்றேன். அடிமரத்துக் கொத்தில் மொட்டுகள் இருந்தன. வெளுத்து, பருத்து, வெடிக்கிற நிலையில். மரம் ஏமாற்றவில்லை, ஏதோ ஓரிடத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து காலண்டரை எண்ணினேன். ஒன்பதுதான். திரும்ப எண்ணினேன். ஒன்பதேதான். மணியம் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்க ஒம்பது பொய்யாப் போச்சு."

"பொய்யாவாதே. எந்த நாள்லேருந்து எண்ணுன?"

"மழை பெஞ்ச நாள்லேருந்து."

"மழை பெஞ்ச நாள ஒண்ணுன்னு வச்சியா?"

"பின்ன?"



"அடிப்பாவி. நீ பஸ்ஸு ஏறின எடம் எத்தன கிலோமீட்டரு? பூஜ்யம்லா? வண்டி நவுந்தாத்தானே ஒண்ணு? நான் புக்குல தேதியிலேருந்து தேதியக் கழிச்சுப் பாத்தேன். மழை நாளு பூஜ்யம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் காவடி விரதமானாலும் தொடங்கிய நாள்தான் முதல் நாள். என் கணவர் இறந்தபோதும், அவர் போன அன்றே ஒன்று என்று வைத்துத்தான் பதினாறாம் நாள் காரியம் செய்தோம். நல்லதற்கும் கெட்டதற்கும் அப்படி எண்ணியே பழகிய கை, பூவுக்கும் அப்படியே எண்ணிவிட்டது. உருப்பெருக்கியில் ஆயிரக்கணக்கில் எண்ணித் தவறாதவள், ஒன்பதில் தவறிவிட்டேன். சுவரில் சான்றிதழ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெட்ட வரும் நேரத்தை மணியம் அண்ணனிடம் சொல்லிப் போனை வைத்தேன். அழ நேரம் இல்லை. வியாழன்தான் பூ. வெட்டுவதும் வியாழன் ஒன்பது மணிக்குத்தான்.

புவான் ரொஹாயா போனை எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன். "நாளைக் காலை எட்டு மணிக்கு இன்னும் ஒரே ஒரு தடவை வாருங்கள். நாள் எண்ணியதில் தப்பு என்னுடையது, மரத்தினுடையது இல்லை." கேட்டுவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்து குணா வீட்டுக்குப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்.

"குணா, நாளைக்கு விடியக் காலையிலேருந்து நான் மரத்துக்கு அடியில நாற்காலி போட்டு உக்காரப் போறேன். ஒனக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

"வேணாம் லா அக்கா. அசிங்கமாப் போயிரும்."

"போவட்டும். இன்னைக்கிப் போனதுக்கு மேலயா போவப் போவுது?"

வியாழன்

ஆறு மணிக்கு நாற்காலியோடு கிளம்பினேன். வாசலைத் தாண்டி பத்தடி வைப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. அப்படியே நின்று மூச்சை இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

வெளிச்சம் ஏற ஏற மரம் வெள்ளையானது. நேற்று காக்காய்க் கூடாகத் தெரிந்த ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் பூ. ஏழு மணிக்குத் தேனீக்கள் வந்தன. நடக்கப் போனவர்கள் நின்றார்கள். நேற்று என்னைப் பாவமாகப் பார்த்த அதே பக்கத்து வீட்டுக்காரர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். எட்டு மணி ஆயிற்று. புவான் ரொஹாயா வரவில்லை.

எட்டேகாலுக்கு மணியம் அண்ணன் இரவு ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார். வழக்கமாக மர நிழலில் ரோட்டோரமாக நிற்கும் பஸ், அன்று ரோட்டை விட்டு ஏறி, அடிமரத்தை உரசிக்கொண்டு நின்றது. அவர் இறங்கி, நல்ல நிலையில் இருந்த டயரை ஒரு உதை உதைத்தார்.

"டயர் சரியில்ல" என்றார் என்னிடம், சத்தமாக. "ஆளு வராம வண்டி நவுறாது."

பெண்கள் இறங்கினார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால்கள். அவர்களில் குணாவின் மனைவி கலாவும் ஒருத்தி. ஷிப்ட் மாறி மாறிப் போகிறவள், சங்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு எட்டிய கொத்திலிருந்து ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள், அவளை யார் எடுக்கச் சொல்லப் போகிறார்கள்?

குத்தகையாளரின் லாரி வந்தது. பின்னாலேயே குணாவும் வந்தார்.

"யாரு இத வெட்டச் சொன்னது?" என்று கலா கேட்டாள்.

 எல்லாரும் குணாவைப் பார்த்தார்கள். அவர் மரத்தைப் பார்த்தார்.

லாரியில் வந்த மேற்பார்வையாளர் பஸ்ஸைச் சுற்றி வந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று மலாயில் கேட்டார். டயர்காரன் எப்போது வருவான் என்று டயர்காரனுக்குத்தான் தெரியும் என்றார் மணியம் அண்ணன். மேற்பார்வையாளர் போய் லாரியின் படியில் உட்கார்ந்தார். அவர் முகம் மேலே திரும்பியிருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் புவான் ரொஹாயாவின் கார் வந்தது. இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"சுங்கை பட்டாணியில் எங்கள் அலுவலகக் கார் நிறுத்தத்தில் ஒரு மரம் இருக்கிறது, காக். பதினோரு வருடமாக அதன் கீழேதான் காரை நிறுத்துகிறேன். இன்று கதவைப் பூட்டும்போது வாசனை வந்தது. மேலே பார்த்தேன்." அவர் எங்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு நாள் நான் மேலே பார்த்ததே இல்லை. பிறகு வழி முழுக்க நின்று நின்று வந்தேன். அதனால்தான் நேரமாகிவிட்டது."

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை அவருடைய அலுவலகத்திலும் பெய்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு மரத்தைக் காட்டக் கூப்பிட்டிருந்தேன். ரோட்டில் இருந்த அத்தனை மரமும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன.

அவர் மரத்தைச் சுற்றி வந்தார். படம் எடுத்தார். நான் வைத்திருந்த கறையான் அரித்த துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேற்பார்வையாளரிடம் பேசினார். மரம் இருக்கட்டும். காய்ந்த கிளைகளை மட்டும் இறக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். அறிக்கையை அவரே எழுதுவார்.

குணா தொண்டையைச் செருமினார். "காஞ்ச கிளை ஒண்ணுகூட விடக் கூடாது அக்கா. பிள்ளைங்க நிக்கிற எடம்."

"நானே ஒவ்வொண்ணாக் காட்டறேன். வா."

மணியம் அண்ணனின் டயர் அந்த நிமிடமே சரியாகிவிட்டது.

அன்று மாலை

இறக்கிய கிளைகளோடு பூத்த கொத்துகள் இரண்டு கீழே வந்தன. பழைய டயர் டியூப்பை மணியம் அண்ணன் நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்தார். இறுக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. வேர் பட்டையைப் பிடிக்கும் வரைக்கும் ஒரு கை தாங்கினால் போதும். அதே மரத்தில் உயிருள்ள கிளையில் கட்டினோம். ஏணியை குணா பிடித்துக்கொண்டார்.

ஆறு மணிக்குள் பூக்கள் எல்லாம் தொங்கிவிட்டன. குணா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா அக்கா? ஒரு நாளுக்கா இத்தன கூத்து?"

"ஒரு நாளுதான்."

"அடுத்தது எப்ப?"

"மழை பெய்யட்டும், சொல்றேன்."

நான் சொல்ல வேண்டி வரவில்லை. சில மாதம் கழித்து, மறுபடியும் வாரக்கணக்கில் வெயில் காய்ந்த பிறகு, ஒரு பிற்பகல் வானம் இருட்டிக் கொட்டித் தீர்த்தது. துணியை எடுத்து வைத்துவிட்டுக் காலண்டரிடம் போனேன். பேனாவைக் கையில் எடுக்கும்போது போன் மினுங்கியது. தாமான் வாட்ஸ்அப் குழுவில் சங்கத் தலைவரின் அறிவிப்பு:

"அனைவருக்கும் வணக்கம். இன்று நல்ல மழை. ஒன்பது நாள் எண்ணவும். இன்றைய நாள் கணக்கில் சேராது."